ஆபரேஷனில் எடுத்த சதைக்கும் ஒரு வங்கி: கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்வோம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து, "அக்கா, ஒரு சந்தேகம்" என்றார். அவர் குழுவில் ஒரு உறுப்பினருக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் இரண்டு பேப்பர் கொடுத்துக் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். ஒன்று ஆபரேஷனுக்கு. இன்னொன்று எதற்கு என்று யாரும் விவரமாகச் சொல்லவில்லை. "ஆராய்ச்சிக்கும்மா, போடுங்க" என்றதோடு சரி. பேப்பர் முழுக்க இங்கிலீஷ்.

"என் சதையை வித்துடுவாங்களோ? கையெழுத்து போடலைன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்களோ?" என்று அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். விடிந்ததும் பயத்திலேயே கையெழுத்து போட்டுவிட்டார்.

அன்றைக்குக் கூட்டத்தில் நம் யாருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இது என்ன வங்கி?

ரத்த வங்கி நமக்குத் தெரியும். கண் வங்கியும் தெரியும். அங்கே கொடுப்பது இன்னொருவர் உடம்புக்குள் போகிறது. இந்த வங்கி அப்படி இல்லை. இங்கே வருவது ஆராய்ச்சிக்கு மட்டும். இதை 'பயோபேங்க்' என்கிறார்கள். தமிழில் உயிரி வங்கி அல்லது திசு வங்கி என்று சொல்லலாம். ரத்தம், ஆபரேஷனில் எடுத்த கட்டியின் சிறு துண்டு, சிறுநீர், எச்சில் போன்றவற்றைக் கெடாமல் பல வருடம் பாதுகாத்து வைக்கும் இடம் இது.

"கிட்னியை எடுத்துடுவாங்க" என்று சிலர் பயப்படுகிறார்கள். கடன் தொல்லையில் கிட்னியைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் பார்த்திருப்பதால் அந்தப் பயம் சும்மா வந்தது அல்ல. ஆனால் இது வேறு. சிகிச்சைக்காக எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் கட்டியில் மிஞ்சுவதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கூடவே கொஞ்சம் ரத்தமும் கேட்கலாம்.

நம் தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு வங்கி இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அமைத்த தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி அது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் சம்மதத்தோடு எடுத்த மாதிரிகள் அங்கே சேர்கின்றன.

வெட்டி எடுத்த கட்டி எங்கே போகிறது?

முதலில் அது நோய்க்கூறு பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அது என்ன கட்டி, எவ்வளவு பரவியிருக்கிறது என்று அங்கே பார்த்துச் சொன்னால்தான் டாக்டர் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். அதற்குத் தேவையானது போக மீதி இருந்தால்தான் வங்கிக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

உடம்பை விட்டு வெளியே வந்த சதை சீக்கிரமே மாற ஆரம்பித்துவிடும். அதனால் தாமதிக்காமல் உறைய வைக்கிறார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் மைனஸ் 18 டிகிரி அளவுக்குத்தான் குளிர் இருக்கும். இந்த வங்கியின் ஃப்ரீசரில் மைனஸ் 80 டிகிரி. திரவ நைட்ரஜன் என்றால் மைனஸ் 196 டிகிரி. இன்னொரு முறையில், மருந்தில் ஊறவைத்து மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைப்பார்கள்.

டப்பாவின் மேல் பெயர் எழுதுவதில்லை. நம் குழுக் கணக்குக்கு எண் இருப்பது போல ஒரு எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். வயது, நோயின் தன்மை, என்ன சிகிச்சை, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்ற விவரங்கள் அந்த எண்ணோடு சேரும். தீர்மானப் புத்தகம் இல்லாத குழு எப்படியோ, விவரம் இல்லாத மாதிரியும் அப்படித்தான். ஆராய்ச்சிக்கு அவ்வளவாக உதவாது.

இதனால் யாருக்கு என்ன நன்மை?

ஒரு உண்மைச் சம்பவம். அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லாமன் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் சேமித்து வைத்திருந்த 189 மார்பகப் புற்றுக் கட்டிகளைச் சோதித்தார்கள். சில கட்டிகளில் 'ஹெர்-2' என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. அந்தக் கட்டி இருந்த பெண்களுக்கு நோய் வேகமாகத் திரும்பியதும், ஆயுள் குறைந்ததும் பழைய விவரங்களை ஒப்பிட்டபோது தெரிந்தது. 1987-இல் இதை வெளியிட்டார்கள். அந்த ஹெர்-2-வைக் குறிவைத்துத் தயாரான டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் மார்பகப் புற்று என்றதும் ஹெர்-2 சோதனை எழுதுகிறார்கள். அந்த மருந்தால் பிழைத்த பெண்கள் ஏராளம்.

அந்தக் கட்டிகளைக் கொடுத்த பெண்களில் பலருக்கு அந்த மருந்து கிடைத்திருக்காது. அவர்கள் கொடுத்தது பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது. இதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வங்கியில் போட்டதற்கு வட்டி நமக்கு வராது. நம் மகளுக்கு, பேத்திக்கு, முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணுக்கு வரலாம்.

வெளிநாட்டில்தான் இவ்வளவு மாதிரி இருக்கிறதே, நம்முடையது எதற்கு என்று கேட்கலாம். இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்று மேல்நாட்டுப் பெண்களைவிட இளம் வயதிலேயே வருவது அதிகம். நம் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நம் மாதிரிகளைத்தான் பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஒரு புற்றுநோய் மரபணுத் திட்டம் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுத் திசு மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் அந்தத் தகவல்களை ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்டது.

கேட்காமல் எடுத்த கதை

மறுபக்கமும் உண்டு. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். அவரைக் கேட்காமலேயே கட்டியிலிருந்து ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். அதே வருடம் 31 வயதில் அவர் இறந்துவிட்டார். அவருடைய செல்கள் மட்டும் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி முதல் எத்தனையோ வேலைக்குப் பயன்பட்டன. கம்பெனிகள் அவற்றை விற்றுப் பணம் பார்த்தன. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு கம்பெனியோடு 2023-இல்தான் சமரசம் ஏற்பட்டது.

இன்றைய விதி என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. மாதிரி கொடுத்தவருக்கே சொந்தம். வங்கி அதற்குக் காவல்காரர் மட்டுமே. புரிகிற மொழியில் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை வாங்கலாம்.

ஆராய்ச்சியைக் கண்காணிக்க ஒரு நெறிமுறைக் குழுவும் வேண்டும். அதில் 7 முதல் 15 பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவரோடு, மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவரும் கட்டாயம் உண்டு. நம்மைப் போன்ற ஒருவருக்கும் அங்கே நாற்காலி இருக்கிறது, சகோதரிகளே!

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

1. இந்தப் பேப்பர் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? இரண்டும் வேறு வேறு.
2. தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் யார் வாசித்துச் சொல்வார்கள்?
3. என் உடம்பிலிருந்து என்ன, எவ்வளவு எடுப்பீர்கள்? கூடுதலாக ஊசி உண்டா?
4. இந்த ஒரு ஆராய்ச்சிக்கு மட்டுமா, பின்னால் வரும் எல்லா ஆராய்ச்சிக்குமா?
5. வெளிநாட்டுக்கோ கம்பெனிக்கோ போகுமா?
6. என் பெயரும் நோயும் வெளியே தெரியாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?
7. ஆராய்ச்சியில் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ முக்கியமான விஷயம் தெரியவந்தால் சொல்வீர்களா?
8. பிறகு மனசு மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்?

ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து போடும் முன் எத்தனை கேள்வி கேட்கிறோம்! இங்கே மட்டும் ஏன் கூச்சம்?

முக்கியமாக, "வேண்டாம்" என்று சொன்னாலும் சிகிச்சை குறையக் கூடாது. ஆராய்ச்சிக்காக உங்களிடம் பணமும் கேட்கக் கூடாது. கொடுத்த பிறகும் திரும்பப் பெறும் உரிமை உண்டு. ஆனால் பெயர் அடையாளம் முழுக்க நீக்கப்பட்ட மாதிரியை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ போடலாமா, வேண்டாமா?

கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வந்தால் போடலாம் என்பது எங்கள் எண்ணம். அது நல்ல காரியம்தான். பதில் சொல்லாமல் "சீக்கிரம் போடும்மா" என்று அவசரப்படுத்தினால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அதில் தப்பே இல்லை.

அந்த உறுப்பினரை ஊக்குநரோடு போய்ப் பார்த்து இதையெல்லாம் விளக்கினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, சந்தோஷமாவே போட்டிருப்பேனே" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை உங்கள் குழுக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். ஆபரேஷனுக்குப் போகும் தோழியோடு குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போங்கள். பேப்பரை வாசித்துக் காட்டும் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.