நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம்

பிறர் தன்னை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஓரளவு எல்லோருக்கும் உண்டு. அது ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் வேலையையும் முடக்கினால் சமூகப் பதற்றக் கோளாறு எனப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது.

அடக்கம் என்ற பெயரில்

விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களில் ஒரு பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றால், "அடக்கமான பிள்ளை" என்று ஊர் பாராட்டும். இந்தப் பாராட்டுதான் நோயை வருடக்கணக்கில் மறைத்துவிடுகிறது. பையன்கள் சிலர் கூச்சம் போகக் குடிக்கப் பழகுகிறார்கள். அது இன்னொரு நோயில் கொண்டு விடுகிறது.

பயம் வளரும் விதம்

செமினார் எடுக்க நிற்கும் மாணவியின் கையில் தாள் நடுங்குகிறது. நடுக்கம் தெரியாதிருக்க இறுக்கிப் பிடிக்கிறார், நடுக்கம் கூடுகிறது. கவனம் பாடத்தை விட்டுத் தன் கை, குரல், முகத்தின் மீதே திரும்புகிறது. தனக்குள் உணரும் படபடப்பு அத்தனையும் எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிவதாக நம்பிவிடுகிறார். கிளார்க், வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் இந்தச் சுழலை விளக்கினார்கள்.

தலை நிமிராமல் படபடவென்று வாசித்து முடிப்பதைக் கேட்பவர்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த செமினாருக்கு அவர் லீவு போட்டால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் பயந்தது நடக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. பயம் அப்படியே தங்குகிறது.

சிகிச்சை

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் உரக்கச் சொல்வது, மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பது, வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது எனச் சின்னதிலிருந்து படிப்படியாகப் பழக வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் "பேசுடா" என்று அதட்டுவது பழக்குவதாகாது. பயத்தை உறுதிப்படுத்தவே செய்யும். தேவைப்பட்டால் மருத்துவர் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தானாக நிறுத்தக் கூடாது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நேரில் போகவே தயங்குபவர்கள் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்து, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.