கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியுமா?

எல்.இ.டி., க்யூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று பெயர்கள் குழப்பும் சந்தையில், அளவான பணத்துடன் டி.வி. வாங்கப் போகிறவர்களுக்கு

தில்லி கரோல் பாகில் ஒரு டி.வி. கடை. சுவர் முழுக்க வரிசையாகத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே மயில் தோகை விரித்து ஆடுகிறது. ரூ.30,000-க்கு மேல் ஒரு பைசா கூடாது என்ற தீர்மானத்துடன் வந்திருக்கிறார்கள் ஓய்வுபெற்ற அரசு குமாஸ்தாவும் அவர் மனைவியும். "அது வெறும் எல்.இ.டி. சார், இது க்யூ.எல்.இ.டி." என்கிறார் விற்பனையாளர். கணவர் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டார். மனைவிதான் குறுக்கிட்டார்: "எங்க மாமியார் கட்டில் சுவர் ஓரமா, பக்கவாட்டுல இருக்கு. அங்கேருந்து பார்த்தா தெரியுமா?"

விற்பனையாளரிடம் பதில் இல்லை. ஆனால் அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

1982-ல் இந்தத் தலைவலி கிடையாது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த அந்த ஆண்டில் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது, வாங்குகிறவர் முன் இருந்தது ஒரே கேள்வி: கறுப்பு வெள்ளையா, கலரா? எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருந்தது பிக்சர் டியூப்தான். இன்று அட்டைப்பெட்டியின் மேல் ஆங்கில எழுத்துகள் பெருகிவிட்டன. உள்ளே இருக்கும் வித்தியாசம் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

'எல்.இ.டி. டி.வி.' என்று விற்கப்படுவது உண்மையில் எல்.சி.டி. டி.வி.தான். எல்.சி.டி. திரை தானாக ஒளிராது; பின்னாலிருந்து விளக்கு போட வேண்டும். முன்பு மெல்லிய குழல் விளக்குகள் அந்த வேலையைச் செய்தன. இப்போது எல்.இ.டி. விளக்குகள் செய்கின்றன. க்யூ.எல்.இ.டி.யும் இதே குடும்பம். விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவான்டம் டாட் என்ற நுண்துகள்கள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கும். சிவப்பும் பச்சையும் இன்னும் துல்லியமாகத் தெரியும். அவ்வளவுதான். மங்கலான விளக்கை அந்தப் படலம் பிரகாசமாக்கிவிடாது.

மினி எல்.இ.டி. ஒரு படி மேல். பொடிப்பொடி விளக்குகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இருட்டுக் காட்சி வரும் இடத்தில் மட்டும் விளக்கு தணியும். ஓ.எல்.இ.டி. முற்றிலும் வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. கறுப்பு என்றால் அசல் கறுப்பு. விலையோ பெரும்பாலும் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம்.

ஆக, ரூ.30,000 கையில் இருப்பவரின் தேர்வு எல்.சி.டி. குடும்பத்துக்குள்தான். அங்கே முக்கியமான வேறுபாட்டை அட்டைப்பெட்டி சொல்வதே இல்லை. பேனல்களில் பிரதானமானவை இரண்டு வகை: ஐ.பி.எஸ்., வி.ஏ. முதல் வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் அதில் சுமார் 1000-க்கு 1. வி.ஏ.வில் இது 3000-க்கு 1 அல்லது அதற்கும் மேல். நேர் எதிரே உட்கார்ந்து இரவில் படம் பார்க்க அதுதான் சுகம். ஓரமாக நகர்ந்தால் முகங்கள் வெளிறிவிடும்.

விற்பனையாளருக்குப் பேனல் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஒரே மாடலில்கூட பேனல் மாறி வருவது உண்டு. கவலை வேண்டாம், சோதனை எளிது. திரைக்கு நேரே நின்று ஒரு மனித முகத்தைப் பாருங்கள். பிறகு நாலடி ஓரமாக நகர்ந்து அதே முகத்தைப் பாருங்கள். வெளுத்தால் பெரும்பாலும் வி.ஏ. கடையின் மயிலை நம்ப வேண்டாம். எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது. ஒரு பென் டிரைவில் உங்களுக்குப் பழக்கமான இரவுக் காட்சி ஒன்றையும் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றையும் கொண்டுபோங்கள். கடைக்காரர்கள் வைத்திருக்கும் 'விவிட்' அமைப்பை 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றச் சொல்லுங்கள்.

மற்ற எண்கள்? 43 அங்குலத் திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், நல்ல பார்வை உள்ளவருக்கும் ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எச்.டி.ஆர். என்ற முத்திரைக்கு அர்த்தம் வர, திரையில் நல்ல பிரகாசம் வேண்டும். 250, 300 நிட்ஸ் தரும் மலிவுத் திரைகளில் அது பெயரளவுக்குத்தான். 'மோஷன் 120' என்று எழுதியிருந்தாலும் பேனல் 60 ஹெர்ட்ஸாக இருக்கக்கூடும். அசல் எண்ணைக் கேளுங்கள். பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்துக்கு முதல் தேவை பிரகாசம்.

வாங்குகிறவருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.25,000 விலையுள்ள டி.வி.க்கு ரூ.2,500 மிச்சம்.

கரோல் பாகுக்குத் திரும்புவோம். பதில் கிடைக்காத அந்த அம்மாள் தானே கடையின் ஓரத்துக்குப் போய் நின்று பார்த்தார். க்யூ.எல்.இ.டி.யில் முகங்கள் வெளுத்தன. பக்கத்திலிருந்த 'வெறும்' எல்.இ.டி.யில் வெளுக்கவில்லை. விலையும் குறைவு. மிச்சப் பணத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கர் வாங்கினார்கள், மெல்லிய டி.வி.க்களில் ஒலியும் மெலிவு, பாட்டிக்குக் காதும் மந்தம்.

எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பாட்டிக்குப் பகல் முழுக்கத் துணை அந்தப் பெட்டி மட்டும்தான். அடுத்த ஏழெட்டு வருடம் அதைப் பார்க்கப்போகிறவரும் அவர்தான். வாங்கப் போகுமுன் உங்கள் வீட்டில் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.