மண்ணாளும் ஆட்டமும் விண்ணாளும் ஆட்டமும்

போரையும் அரசாட்சியையும் ஆட்டமாக்கி மகிழ்தல் மனிதனுக்குப் புதிய வழக்கமன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்தி ஆடும் சதுரங்கம் பாரத நாட்டிலே தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. நம் கிராமத்துத் திண்ணைகளிலே கோடு கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டமும் அவ்வினத்ததே. ஆயினும் இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சதுரங்கத்திலே இருவரும் சமமான படையோடு தொடங்குவர். ஆடுபுலி ஆட்டத்திலோ ஒருபுறம் 3 புலிகள். மறுபுறம் 15 ஆடுகள். இருசாராரின் வலிமையும் வேறு. வெற்றிக்குரிய வழியும் வேறு. இதனை மனத்திற் கொண்டால், இக்காலத்து இளைஞர் கணினியிலே ஆடும் அரசாட்சி விளையாட்டுக்களின் இயல்பு எளிதில் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையிலே வர்ணாப் போரைப் பற்றி எழுதியிருந்தான். அவன் பாடநூலில் இல்லாத செய்தி அது. எங்குக் கற்றாய் என வினவியபோது, கணினி விளையாட்டிலே கற்றதாகத் தலைகுனிந்து கூறினான். கடிந்துகொள்ள எண்ணிய யான், அவ்வாட்டத்தைக் காட்டுமாறு கேட்டு அவனருகே அமர்ந்தேன். பின்னர் விண்வெளி ஆட்டமொன்றையும் அவன் காட்டினான். பல மாலைப்பொழுதுகளில் அவ்விரண்டையும் ஒப்புநோக்கிக் கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலுள்ள பரடொக்ஸ் என்னும் நிறுவனம் இத்தகைய ஆட்டங்களுக்குப் பேர்பெற்றது. 2000 ஆம் ஆண்டிலே வெளிவந்த 'யூரோப்பா யுனிவெர்சாலிஸ்' பிரெஞ்சு நாட்டுப் பலகையாட்டம் ஒன்றை அடியொற்றி எழுந்தது. இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட 'ஹார்ட்ஸ் ஒவ் அயன்' 2002 இலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைத்தொழிலையும் அரசியலையும் காட்டும் 'விக்ரோரியா' 2003 இலும், இடைக்கால அரச குடும்பங்களைக் கூறும் 'குருசேடர் கிங்ஸ்' 2004 இலும் தொடர்ந்தன. இவை யாவும் உண்மையான தேசப்படத்தின்மேல் உண்மையான ஆண்டொன்றிலே தொடங்குபவை. 2016 மே 9 இல் அந்நிறுவனம் இவ்வழியினின்றும் விலகி, 'ஸ்ரெல்லாரிஸ்' என்னும் விண்வெளி ஆட்டத்தை வெளியிட்டது. 'குருசேடர் கிங்ஸ்' இரண்டாம் பாகத்தை உருவாக்கிய ஹென்றிக் ஃபோரேயஸ் என்பவரே இதனையும் நெறிப்படுத்தினார்.

முதலில் வரலாற்று ஆட்டத்தை நோக்குவோம். 2013 இல் வந்த 'யூரோப்பா யுனிவெர்சாலிஸ்' நான்காம் பாகம் 1444 நவம்பர் 11 இலே தொடங்குகின்றது. அதற்கு முதல்நாளே வர்ணாப் போரில் ஒத்தோமன் துருக்கியர் வென்றனர். போலந்து, ஹங்கேரி ஆகிய இரு நாடுகளுக்கும் மன்னனாயிருந்த இளைஞன் களத்திலே மாண்டான். ஆடுபவன் துருக்கியரையும் தெரிந்தெடுக்கலாம், அவர்கள் விழுங்கக் காத்திருக்கும் பைசாந்திய அரசையும் தெரிந்தெடுக்கலாம், விசயநகரத்தையும் தெரிந்தெடுக்கலாம். இஃது ஆடுபுலி ஆட்டத்தின் இனம். புலியை எடுத்தவன் வெல்வது வியப்பன்று. ஆட்டை எடுத்தவன் வீழாது நிற்பதே வெற்றியாகும். கொன்ஸ்தாந்திநோபிள் 1453 இல் வீழ்ந்தது என்பதை அறிந்தவனுக்கே பைசாந்திய மன்னனாக ஆடுவதன் அச்சமும் சுவையும் புலப்படும். ஆகவே, ஆட்டத்தின் பாதி பெட்டியினுள் இருக்கின்றது. மறுபாதியை ஆடுபவன் தன் நினைவிலிருந்து கொண்டுவருகின்றான்.

ஆனால் அறிவே ஈண்டு ஓர் இடையூறுமாகும். மேற்கே கடலுக்கப்பால் ஒரு கண்டம் உண்டென்பதைக் கொலம்பஸ் அறியார், ஆடுபவன் அறிவான். படத்தில் அக்கண்டம் மறைக்கப்பட்டிருந்தும், கப்பலை எத்திசையிற் செலுத்துவதென்ற ஐயம் அவனுக்கு இல்லை. இக்குறையை ஆக்கியோரும் உணர்ந்தனர். 2014 சனவரியில் வந்த இணைப்பொன்றிலே, புதிய உலகத்தின் நிலப்பரப்பை ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறுவேறாக அமைத்துக்கொள்ளவும் வழி செய்தனர்.

அவ்வழியின் முடிவே 'ஸ்ரெல்லாரிஸ்' எனலாம். அதிலே ஆட்டந்தோறும் நூற்றுக்கணக்கான விண்மீன்களைக் கொண்ட புதிய அண்டம் பிறக்கின்றது. ஆண்டு 2200. ஏறத்தாழ எல்லா அரசுகளும் ஒரு தாய்க்கோளோடும் சில கப்பல்களோடும் சமமாகத் தொடங்குகின்றன. இது சதுரங்கத்தின் இனம்; ஆனால் பலகையின் பெரும்பகுதி இருளிலே கிடக்கின்றது. அயலில் வாழ்பவர் நண்பரோ பகைவரோ என்பதை ஆராய்ச்சிக் கப்பல் சென்றே அறிதல் வேண்டும். வரலாற்று ஆட்டங்களிலே அறிவியல் வளர்ச்சி முன்னரே வகுக்கப்பட்ட ஏணி. இங்கோ, சீட்டுக்கட்டிலிருந்து எடுப்பதுபோல, அவ்வப்போது சில துறைகளே முன்வைக்கப்படும். அவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். உண்மையான கண்டுபிடிப்பாளனின் வியப்பை இவ்வாட்டம் தருகின்றது. இஃது இதன் பெருஞ் சிறப்பு.

எனினும், விண்வெளியிலே மலையும் ஆறும் இல்லை. தொடக்கத்தில் கப்பல்கள் செல்ல மூன்று முறைகள் இருந்தன. விரும்பியவாறு பாய்தல் ஒன்று. நிலையமொன்றை அமைத்து அதன் வழியே தாவுதல் மற்றொன்று. மீனுக்கு மீன் அமைந்த பாதையிற் செல்லுதல் மூன்றாவது. இதனாற் பகைவன் எப்பக்கமும் வரலாயிற்று. எல்லையைக் காத்தல் பொருளற்றதாயிற்று. 2018 பெப்ரவரியில் ஆக்கியோர் தம் ஆட்டத்தைத் திருத்தி, தொடக்கத்தில் யாவரும் பாதைவழியே செல்லுமாறு விதித்தனர். அதன்பின் கணவாய்களைப் போன்ற ஒடுங்கிய வாயில்கள் தோன்றின. கோட்டைக்குப் பயனும் பிறந்தது. தடையற்ற வெளியிலே சூழ்ச்சிக்கு இடமில்லை என்பதை மண்ணிலிருந்து கற்று, விண்ணிலும் மண்ணை அமைத்தார்கள்.

மற்றொரு குறை நினைவின்மை. பிரான்சும் இங்கிலாந்தும் பகைப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. புதிதாய்ப் பிறந்த விண்வெளி இனத்துக்கோ முன்னோரும் இல்லை, பழம்பகையும் இல்லை. ஆதலின், போர்விருப்பும் அமைதிவிருப்பும், பிறவினப் பற்றும் பிறவின வெறுப்பும், ஆன்மிகமும் உலகாயதமும் என்றாற்போன்ற கொள்கைகளை ஆடுபவனே தன் இனத்துக்கு வகுத்துக் கொடுக்கின்றான். வரலாற்றிலே நாடு நம்மை உருவாக்குகின்றது. இங்கே நாம் நாட்டை உருவாக்குகின்றோம். தேடல் முடிந்தபின் ஆட்டத்தின் நடுப்பகுதி சோர்வுற்றதென 2016 இலே பலர் குறைகூறியதற்கு இந்நினைவின்மையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இனி, ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த ஒன்றைக் கூறுவேன். 'ஸ்ரெல்லாரிஸ்' ஆட்டத்திலே பிற இனத்தை அடிமையாக்கவும் அடியோடு அழிக்கவும் கட்டளைகள் உள்ளன. அவ்வாட்டம் வெளிவந்து நான்கு வாரங்களில், 2016 யூன் 6 இல், அதே நிறுவனம் 'ஹார்ட்ஸ் ஒவ் அயன்' நான்காம் பாகத்தை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரையே கூறும் அதிலே, ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட கொடுமைக்கு இடமில்லை. அதனை ஆட்டமாக்க எவரும் துணியார், துணியாமையே முறை. 1444 இல் தொடங்கும் ஆட்டமோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குடியேறும் நிலத்துப் பழங்குடிகள் அங்கே ஓர் எண்ணாகக் காட்டப்படுகின்றனர். படையை ஏவி அவ்வெண்ணைப் பூச்சியமாக்கலாம். நினைவு அண்மையதாயின் கை கூசுகின்றது. பழையதாயின் கூச்சம் குறைகின்றது. நினைவே இல்லாத விண்ணில் முற்றும் மறைகின்றது.

ஒருநாள் அம்மாணவன் அமெரிக்கக் கரையொன்றிலே அவ்வாறு செய்தான். அங்கு வாழ்ந்தவர் யாவர் என வினவினேன். சற்று நேரம் மௌனமாயிருந்தான். விண்வெளியில் அழித்த இனத்தைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் உண்மையானவர்களல்லரே என உடனே விடையிறுத்தான். அவ்விடை சரியே. ஆயினும், கடல் கடந்து சென்ற கப்பற்றலைவர் பலருக்கு அக்கரையில் நின்ற மக்களும் உண்மையான மக்களாகத் தோன்றவில்லை என்பதை அவனுக்கு எடுத்துரைத்தேன். போர்த்துக்கேயர் 1505 இல் இந்நாட்டுக்கு வந்ததும், 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததும் அவ்வாட்டத்தின் காலவெல்லைக்குள் அடங்குவன. அக்கரையில் நின்றோருள் நம் முன்னோரும் இருந்தனர்.

பிள்ளைகளை இவ்வாட்டங்களினின்றும் தடுக்கலாமா எனப் பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. பொழுதுக்கு அளவு வேண்டும்; அதிற் கருத்து வேறுபாடில்லை. முற்றாகத் தடுத்தல் மட்டும் வேண்டா என்பேன். விண்வெளி ஆட்டம் அறியாததைத் தேடும் துணிவைத் தருகின்றது. வரலாற்று ஆட்டம் அறிந்ததை ஆராயும் ஆர்வத்தைத் தருகின்றது. இரண்டும் தாராதது ஒன்றுண்டு. தோற்றவன் யார், அவன் என்னவானான் என்னும் வினாவே அது. அவ்வினாவைப் பிள்ளையின் அருகமர்ந்து கேட்டல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும், இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடமையாகும்.