அன்றாடத்துக்கு ஒரு நீல ஜீன்ஸ்

வேட்டி கட்டுகிறவனுக்குத் தன் இடுப்பளவு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நாலு முழ வேட்டி தகப்பனாருக்கும் பொருந்தும், பிள்ளைக்கும் பொருந்தும், தீபாவளி விருந்துக்கு முன்னும் பொருந்தும், பின்னும் பொருந்தும். கால்சட்டை அத்தகைய தயாள குணம் படைத்ததல்ல. அதிலும் ஜீன்ஸ் என்னும் நீலக் கால்சட்டை இருக்கிறதே, அது மனிதனை நன்றாக அளந்து பார்த்த பிறகே உள்ளே விடும்.

ஆனாலும் அதை விட்டவர் யார்? திண்டுக்கல் கடைவீதியில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். கல்லூரி மாணவன், நூற்பாலையில் வேலை முடிந்து வரும் வாலிபன், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரி ஓட்டுநர், வங்கிக் குமாஸ்தா ஆகிய எல்லோர் காலிலும் அதே நீலந்தான். ஆகவே, 'ஜீன்ஸ் வேண்டுமா, வேண்டாமா?' என்ற தர்க்கத்துக்குக் காலம் கடந்துவிட்டது. எதை வாங்குவது என்பதுதான் இப்போது கேள்வி.

மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது அற்பமான கேள்வியன்று. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ஒன்று வாங்கினால், அது வகுப்புக்கும் உதவ வேண்டும், பஸ் பிரயாணத்துக்கும் உதவ வேண்டும். அத்தை வீட்டு விசேஷத்துக்கும் உதவ வேண்டும், கடைசியில் வேலைக்கு மனுக் கொடுக்கப் போகும் நாளிலும் கைவிடாதிருக்க வேண்டும். ஒரு கால்சட்டை இத்தனை உத்தியோகம் பார்க்க வேண்டுமானால், அதை நியமிக்கும்போது நாம் சற்று நிதானமாக இருக்க வேண்டாமா?

அந்நியச் சரக்கா?

வீட்டுப் பெரியவர்களுக்கு இதன்மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. 'அமெரிக்கக்காரன் உடை நமக்கு எதற்கு?' என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜேகப் டேவிஸ் என்ற தையற்காரரும், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து ஜவுளி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் கூட்டாக 1873-ஆம் ஆண்டு மே 20-ந் தேதி ஓர் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். உழைப்பாளியின் கால்சட்டைப் பை கிழியாதிருக்க, அதன் மூலைகளில் செப்பு ஆணி அடித்து முடுக்கும் முறைக்கு அந்த உரிமை. இன்றைய ஜீன்ஸின் ஜாதகம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆனால் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். இதே போன்ற முரட்டுப் பருத்தித் துணிக்கு ஆங்கிலேயர் வழங்கிய 'டங்கரி' என்ற பெயர், பம்பாயின் டோங்ரி என்ற பகுதியின் பெயரிலிருந்து வந்தது. நீலச் சாயத்துக்கு அவர்கள் வழங்கும் 'இண்டிகோ' என்ற பெயருக்கே 'இந்தியச் சரக்கு' என்றுதான் பொருள். அந்தச் சாயத்தைத் தரும் அவுரிச் செடி நம் தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகிறது.

அந்த நீலத்துக்காக நம் நாடு கண்ணீரும் சிந்தியிருக்கிறது. பீகாரில் சம்பாரண் ஜில்லாக் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரிதான் பயிரிட வேண்டும் என்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் நிர்ப்பந்தித்தார்கள். ஜெர்மனியில் 1897-இல் செயற்கை நீலம் வியாபாரத்துக்கு வந்து அவுரியின் விலை விழுந்தபோது, அந்த நஷ்டத்தையும் குடியானவன் தலையிலேயே கட்டினார்கள். காந்தியடிகள் 1917-இல் அங்கே சென்றதும், அக்கொடுமை ஒழிந்ததும் சரித்திரம். அதே காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-ந் தேதி, நமக்கு அண்டையிலுள்ள மதுரையில், சட்டையையும் குல்லாவையும் துறந்து அரைத்துணி பூண்டார். நாம் உடுத்தும் உடை நம்முடைய சௌகரியத்தை மட்டும் பொறுத்ததன்று, அதை உண்டாக்குகிறவர்களின் வாழ்வையும் பொறுத்தது என்பதே இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் அறிவது.

இன்று இந்தத் துணிக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. சுதேசி உணர்ச்சி ஓங்கியிருந்த 1931-இல் ஆமதாபாத்தில் தோன்றிய அரவிந்த் ஆலை, 1980-களில் டெனிம் நெய்யத் தொடங்கி, இத்துணியில் உலகின் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. கதர் நூலிலும் டெனிம் நெய்கிறார்கள். ஆகவே, பெரியவர்கள் இந்த மட்டில் சமாதானம் அடையலாம்.

நீலத்தின் ரகசியம்

டெனிம் துணியில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. மூன்று பாவிழைகள் மேலே, ஒன்று கீழே என்று சாய்கோடாக நெய்வதால் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருக்கிறது. நீலச் சாயம் தண்ணீரில் கரையாது. ரஸாயன முறையில் அதை மஞ்சட்பச்சைக் கரைசலாக மாற்றி, நூலை அதில் முக்கி, வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். காற்றுப் பட்டதும் பச்சை நீலமாகும். இப்படிப் பல தடவை முக்கியெடுத்தாலும், சாயம் நூலின் மேற்புறத்தில் படிகிறதே தவிர நடுத்தண்டு வரை புகுவதில்லை. ஆகையால் உராயும் இடங்களில் நாளடைவில் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ஜீன்ஸ் வெளுப்பது குற்றமன்று, அதன் சுபாவம். அதனால்தான் ஆரம்பத்தில் கருநீலமாக வாங்க வேண்டும் என்கிறோம். கருநீலம் மெள்ள மெள்ள வெளுத்துப் பல வருஷம் உழைக்கும். முதலிலேயே வெளுத்ததை வாங்கினால், அதன் ஆயுளில் ஒரு பகுதியை ஆலைக்காரரே செலவழித்துவிட்டார் என்று அர்த்தம். மேலும், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, சாம்பல் நிறச் சட்டை எல்லாவற்றோடும் கருநீலம் ஒத்துப்போகும். வெளிர்நீலம் விளையாட்டு மைதானத்துக்கே ஏற்றது.

கனமும் வெயிலும்

டெனிமின் கனத்தைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 14 அவுன்ஸ் துணி, சதுர மீட்டருக்குச் சுமார் 475 கிராம். கொடைக்கானலில் மார்கழிக் குளிருக்கு அது உத்தமம். அதே துணியை அணிந்து சித்திரை மாதத்தில் வேடசந்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர், முன் ஜன்மத்தில் ஏதோ பாபம் செய்தவராகத்தான் இருக்க வேண்டும். சமவெளிவாசிகளுக்கு 8 முதல் 10 அவுன்ஸ் போதும். கடைச் சிப்பந்திக்குக் கணக்குத் தெரியாவிட்டால், துணியை இரு விரல்களால் மடித்துப் பாருங்கள். விறைத்து நிற்காமல் மடிந்து, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியாமல் இருக்க வேண்டும்.

உள்ளே தைத்திருக்கும் சீட்டையும் படியுங்கள். முழுப் பருத்தியானால் வேர்வையை உறிஞ்சும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இழுபடும் நூல் கலந்திருந்தால் குனிய நிமிரச் சௌகரியம். அதற்குமேல் போனால், உடலோடு ஒட்டிக்கொள்வதுடன், சீக்கிரத்தில் முழங்காலில் பை விழும். பாலியெஸ்டர் அதிகமாகக் கலந்ததை நம் ஊர் வெயிலுக்குத் தொடவே வேண்டாம்.

சம்மணப் பரீட்சை

அளவு பார்ப்பதற்குக் கண்ணாடிமுன் நிற்பது மட்டும் போதாது. நமது வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆகவே கடையின் அறைக்குள்ளேயே ஒரு தரம் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். மூச்சு முட்டினாலும், பின்புறம் பட்டை இறங்கினாலும், தொடை இறுகினாலும் அந்தக் கால்சட்டை உங்களுக்கல்ல. இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாலு விரல் நுழைந்தால் பெரிது. தொடையிலிருந்து கணுக்கால்வரை நேராக இறங்கும் வெட்டுத்தான் எல்லா வயதினருக்கும் எல்லாக் காரியங்களுக்கும் ஏற்றது. காலோடு ஒட்டியதும், யானைக்கால் போல் விரிந்ததும் நாகரிகத்தோடு வந்து நாகரிகத்தோடு போய்விடும்.

நீளம் அதிகமானால் அன்றைக்கே வெட்டிவிடாதீர்கள். ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். சுருங்காதபடி பக்குவம் செய்த துணியும் கொஞ்சம் சுருங்கும். பக்குவம் செய்யாதது பத்தில் ஒரு பங்குகூடச் சுருங்குவதுண்டு.

பிறகு சில சிறு பரிசோதனைகள். ஈரக் கைக்குட்டையால் துணியைத் தேய்த்துப் பாருங்கள். லேசாக நீலம் ஒட்டுவது இயற்கை. கைக்குட்டையே நீலமானால், உங்கள் வெள்ளைச் சட்டையின் கதியும் அதுவே. பக்கத் தையல் கணுக்காலில் முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், துவைக்கத் துவைக்கக் கால் முறுக்கிக்கொள்ளும். இரு கால்களும் சேரும் இடத்துத் தையல் இரட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கிறதா, பைத்துணி கெட்டிப் பருத்தியா, பொத்தான் ஆடாமல் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். பைத்துணியில் சிக்கனம் பிடித்தவர் மற்ற இடங்களிலும் பிடித்திருப்பார்.

கிழிசலுக்கு விலை

கிழிந்த துணிகளை மூட்டை கட்டிப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிய பரம்பரை நம்முடையது. இன்று கிழிசலையே அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். இது வேடிக்கையோடு நிற்கும் விஷயமன்று. புதுத் துணியைப் பழையதாகக் காட்ட மணலைப் பீய்ச்சியடிக்கும் முறையால், துருக்கி தேசத்துத் தொழிலாளர்கள் பலர் நுரையீரலில் மணல் தூசி படிந்து மாண்டார்கள். அந்நாட்டு அரசாங்கம் 2009-இல் அம்முறையைத் தடை செய்தது. மற்ற நாடுகளில் அது முற்றிலும் ஒழிந்துவிட்டதென்று நிம்மதியடைவதற்கில்லை.

தண்ணீரின் கதையும் இருக்கிறது. ஒரு ஜீன்ஸ், பருத்தி விளைவது முதல் வீட்டில் துவைத்துத் துவைத்துக் கழித்துப் போடுவது வரை சுமார் 3,781 லிட்டர் தண்ணீரைக் குடிக்கிறது என்று லீவை நிறுவனமே 2015-இல் கணக்கு வெளியிட்டது. சாயக்கழிவினால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது யாவரும் அறிந்தது. தோல் பதனிடும் சாலைகளால் கிணற்று நீர் உப்பாகிப் போனதைப் பார்த்த திண்டுக்கல்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, மட்டமான நாலு வாங்கி வருஷத்தில் எறிவதைவிட, தரமான இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அணிவது பணத்துக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது.

வீட்டிலே அதைக் கையாளும் முறையும் சுலபம். ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டியதில்லை. கழற்றியதும் காற்றாடப் போட்டால் மூன்று நாலு முறை அணியலாம். துவைக்கும்போது உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கல்லில் அடித்துத் துவைப்பது கூடாது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்ற நம்பிக்கை நீலச் சாயத்தினிடம் பலிக்காது.

இனி ஒரு வார்த்தை. கோவிலுக்கும் கல்யாணப் பந்திக்கும் வேட்டிதான் அழகு. அந்த ஸ்தானத்தை ஜீன்ஸ் கேட்கவும் இல்லை. தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு 2019-இல் தமிழக அரசாங்கம் வெளியிட்ட உடை விதியிலும் சட்டையுடன் முறையான கால்சட்டை அல்லது வேட்டி என்றுதான் கண்டிருக்கிறது. மற்ற நாட்களுக்கு, கருநீலத்தில், கிழிசலில்லாமல், நேர் வெட்டில், பத்து அவுன்ஸுக்கு மேற்படாத ஒரு பருத்தி ஜீன்ஸ் போதும். விலைச்சீட்டை அதற்குப் பிறகு பாருங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.