170 மைல் பயணத்துக்கு 730 மைல் சுற்று!

தூத்துக்குடியில் இருந்து கொழும்பு எவ்வளவு தூரம் தெரியுமா? நேர்கோட்டில் சுமார் 170 மைல்தான். அதாவது 275 கிலோ மீட்டர்.

அந்தக் காலத்தில் சென்னையில் இருந்து ரெயிலில் தூத்துக்குடிக்கு வருவார்கள். கரையோரம் ஆழம் கிடையாது. அதனால் கப்பல் தள்ளி, கடலில் நிற்கும். படகில் போய் ஏறுவார்கள். ஓர் இரவுப் பயணம். விடிந்தால் கொழும்பு!

இந்தப் பாதையில் வெள்ளையர் கம்பெனி கொழித்தது. அதை எதிர்த்து 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கட்டணத்தைக் குறைத்தார்கள். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். கம்பெனி நொடித்தது.

1914-இல் பாம்பன் பாலம் வந்தது. பயணிகள் தனுஷ்கோடி வழியே போகத் தொடங்கினார்கள். தூத்துக்குடிக்கு மவுசு குறைந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியே அழிந்தது.

2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் மறுபடி ஓடியது. மாலையில் ஏறினால் காலையில் கொழும்பு. ஆனால், போதிய பயணிகள் இல்லை. சில மாதங்களில் நின்றுவிட்டது.

விமானம்? வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2025-இல் அங்கே புதிய கட்டிடமும் திறந்தார்கள். அப்போதும் கொழும்புக்கு விமானம் இல்லை. வடக்கே சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 730 மைல்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதைதான்.

மதுரையில் இருந்து நேரே பறந்தால் ஒரு மணி நேரம்தான். ஆனால், கடலைப் பார்த்து வீடு கட்டியிருக்கும் தூத்துக்குடிக்காரர், முதலில் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும்!