முதலாளி படுத்தால் ஆலையும் படுக்கலாமா?

இறக்காமம் போன்ற வயலூர் ஒன்றில் ஒரு சிறிய அரிசி ஆலையை எண்ணிப் பாருங்கள். நெல்லை நிறுப்பதும், மெசினை ஓட்டுவதும், கணக்கு எழுதுவதும் முதலாளியே. அறுவடைக் காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்தால் ஆலை பூட்டப்படும். விவசாயி மூடைகளை வேறிடம் கொண்டுபோவார். வேலையாட்களுக்கு அன்றைய கூலி இல்லை.

"நம்பி ஒப்படைக்க ஆளில்லை" என்பார்கள். ஆளை நாம்தான் பழக்கி எடுக்க வேண்டும்.

மக்களின் வழக்குகளையெல்லாம் மோசே தனியே விசாரித்துக் களைத்தார். சிறிய வழக்குகளைத் தகுதியானவர்களிடம் விடும்படி மாமனார் எத்திரோ புத்தி சொன்னதை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முஸ்லிம் சகோதரர்கள் மூஸா நபி என மதிப்பவரும் இவரே.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையைச் சோதிப்பது, நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துவது போன்ற வேலைகள் கிராமத்து இளம்பெண்களுக்குப் பழக்கப்பட்டன. மருத்துவர்கள் சத்திரசிகிச்சையில் கவனம் வைத்தார்கள். பல மடங்கு நோயாளர் பயன்பெற்றனர். அவர் 2006இல் காலமானார். மருத்துவமனை தொடர்ந்து இயங்குகிறது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். ஒரு நாளில் செய்யும் வேலைகளை எழுதுங்கள். உங்களால் மட்டுமே முடிந்தவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். செய்து காட்டுங்கள், பக்கத்தில் நின்று செய்யவிடுங்கள், பிறகு விலகுங்கள். எவ்வளவு ரூபாய் வரை அவரே கடன் கொடுக்கலாம் என எல்லை சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை கணக்கைப் பாருங்கள். பிழை வந்தால் திருத்துங்கள், வேலையைப் பறிக்காதீர்கள்.

அடுத்த போகத்திற்கு முன் ஒரு வேலையையாவது ஒப்படைத்துப் பாருங்கள்.