வானத்துக் காவலும் வழிப்போக்கர் உயிரும்

பீளமேட்டிலே விமான நிலையம். சூலூரிலே விமானப்படைத் தளம். இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. பீளமேட்டிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் பறக்கிறான் நம் தோழன். சூலூரிலிருந்து போர் விமானம் எழும்புகிறது. நிலம் வேறு; வானம் ஒன்றுதான்!

அந்த வானத்திலே கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று உண்டு. வான் பாதுகாப்பு அடையாள மண்டலம் என்று பெயர். அதற்குள் வரும் விமானம், தன் பாதையை முன்கூட்டியே அறிவித்து அனுமதி எண் பெற்றாக வேண்டும். தவறினால் "யார் நீ?" என்ற கேள்வி எழும், வழிமறிக்கப் போர் விமானமும் எழும்.

வேலியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தோட்டத்துக்கு வேலி போடாத உழவன் கொங்கு நாட்டிலே உண்டா? வேலிக்குக் காவல் நிற்பவன் அவசரப்பட்டால் என்ன கதி என்பதே நம் கேள்வி.

1983இல் வழிதவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. மாண்டவர் 269 பேர். பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் ஏவலாகாது என்று 1984இல் உலக நாடுகள் கூடி விதி எழுதின. அது அமலுக்கு வந்ததோ 1998இலேதான்!

இடையிலே, 1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவிலே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று, துபாய்க்குப் போன ஈரான் விமானத்தைப் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டது. 290 உயிர்கள் போயின. "யார் நீ?" என்று கேட்கத்தான் கேட்டார்கள், ஆனால் பெரும்பாலும், பயணிகள் விமானத்தின் காதுக்கே எட்டாத இராணுவ அலைவரிசையிலே!

விதி அமலுக்கு வந்த பின்னராவது கொடுமை நின்றதா? 2020 ஜனவரி 8. ஏவுகணை வீசிய இரவிலும் ஈரான் தன் வானத்தை மூடவில்லை. டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரான் படையே வீழ்த்தியது. 176 பேர் மாண்டனர்.

2025 மே மாதம், பாகிஸ்தானோடு மோதல் மூண்டபோது, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை இந்தியா மூடியது. பயணம் தடைபட்டது, கூலி கெட்டது, முணுமுணுப்பும் எழுந்தது. ஆனால் அதுவே சரியான வழி என்கிறோம் நாம். தடைபட்ட பயணத்தை நாளை தொடரலாம். போன உயிரை யார் தருவார்?

ஆகவே, அடையாளம் சொல்வது விமானியின் கடமை என்றால், காதில் விழும்படி கேட்பதும், ஆபத்து நேரத்தில் வானத்தை மூடுவதும் ஆயுதம் ஏந்தியவரின் கடமை. முதலில் மூட வேண்டியது வழியை. கடைசியிலும் தொடக்கூடாதது விசையை!